கடத்தும் பாலிமர் படலம்: படிக ஒழுங்கு மின்கடத்தலை எப்படி மாற்றுகிறது?

சென்னிமலைத் தறிகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் எளிதில் பிடிபடும். பெடாட் என்னும் பாலிமர் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் நீரில் கரையாது. அதை நீரில் பரவி நிற்கச் செய்வது பி.எஸ்.எஸ் என்னும் இன்னொரு பாலிமர். பூசி முடிக்கும்வரை கஞ்சியைப் போல அது வேண்டும். அதன்பின், கடத்தாத அந்தப் பொருளின் மிகுதி பெடாட் சங்கிலிகளை நெருங்கவிடாமல் தடுக்கிறது.

முதலில் கண்ணாடித் துண்டுகளைச் சோப்பு நீரிலும், வடிநீரிலும், ஐசோபுரொப்பனாலிலும் கழுவி உலர்த்துங்கள். பெடாட்டும் பி.எஸ்.எஸ்ஸும் நீரில் பரவிய கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கில் மட்டும், மிகுதி பி.எஸ்.எஸ்ஸைப் பெடாட்டிலிருந்து விலக்க உதவும் டி.எம்.எஸ்.ஓ என்னும் கரைப்பானை 5 விழுக்காடு சேருங்கள். கலவை அமிலத்தன்மை உடையது, டி.எம்.எஸ்.ஓ தோல் வழியே உள்ளே இறங்கக்கூடியது என்பதால் கையுறை கட்டாயம். இரண்டையும் கண்ணாடித் துண்டுகளின் மேல் ஊற்றி, துண்டை நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் சுழற்றிப் பூசி, 120 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்கினால், கண்ணாடியில் மெல்லிய நீலச் சாயல் படிந்திருக்கும்.

ஆறியவுடனே அளந்துவிடுங்கள். பி.எஸ்.எஸ் ஈரத்தை உறிஞ்சும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்குள் வரும் ஈரக்காற்றில் படலத்தைத் திறந்து வைத்தால் அளவு மாறிவிடும்.

படலத்தின் நடுவே நான்கு ஊசிகளை ஒரே வரிசையில் வையுங்கள். வெளி ஊசிகளில் மின்னோட்டம் செலுத்தி, உள் ஊசிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து 4.53 ஆல் பெருக்கினால் தளத்தடை, அதாவது படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை, கிடைக்கும். அது 100 ஓம், தடிமன் 100 நானோமீட்டர் எனில், கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1000 சீமன்ஸ். டி.எம்.எஸ்.ஓ சேராத படலம் பெரும்பாலும் 1 சீமன்ஸைக்கூட எட்டாது. சேர்த்தது நூற்றுக்கணக்கில் நிற்கும்.

இவ்வளவு வேறுபாட்டின் காரணத்தை எக்ஸ் கதிர் காட்டும். செம்பிலிருந்து பெறும் எக்ஸ் கதிரைப் படலத்தில் பாய்ச்சி, அது சிதறும் கோணத்தை அளந்தால் 26 டிகிரி அருகே வரும் முகடு, பெடாட் சங்கிலிகள் ஏறத்தாழ 0.34 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்காக நிற்பதைக் குறிக்கிறது. இப்படி ஒழுங்காக அடுக்கிய பகுதிகளே படிகங்கள். அந்த நெருக்கத்தில்தான் மின்னேற்றம் ஒரு சங்கிலியிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. கண்ணாடியின் அகன்ற மேடும் அதே பகுதியில் தலைகாட்டும். ஆகவே வெற்றுக் கண்ணாடியைத் தனியே அளந்து கழித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

முகடு கூர்மையாகியும் கடத்துதிறன் உயரவில்லையெனில், படிகங்களுக்கு இடையே உள்ள ஒழுங்கற்ற பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். பாவில் இழை அறுந்த இடத்தைத் தேடுவது போல, ஒரு படிகத்திலிருந்து அடுத்ததற்கு நீளும் சங்கிலிகள் போதுமான அளவில் இருக்கின்றனவா என்பதே அடுத்து ஆராய வேண்டியது.