இரவில் இறக்கு, காலையில் ஏற்று: டெர்மினலில் தமிழ் அலியாஸ்

திருகோணமலையில் நான் லினக்ஸ் பழக்கும் பிள்ளைகள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். மென்பொருளைப் புதுப்பிக்க டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் நீளமான கட்டளை அடிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் வேலை நடக்காது. அந்த நீளக் கட்டளைக்கு நாமே ஒரு பட்டப்பெயர் வைக்கலாம். அதுதான் அலியாஸ். பெயரைத் தமிழிலேயே வைத்தாலும், நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் பாஷ் ஏற்றுக்கொள்ளும். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுக்கும் இது பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். பட்டப்பெயரைத் தவிர மற்றதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். சூடோ என்பது எஸ், யூ, டீ, ஓ; கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது. ஆப்ட் என்பது ஏ, பீ, டீ; மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி.

முதல் படி. கன்ட்ரோல், ஆல்ட், டீ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உபுண்டுவில் டெர்மினல் திறக்கும். அதில் இப்படி அடியுங்கள்:

நானோ ~/.பாஷ்_அலியாஸஸ்

நானோ என்பது எழுதும் கருவி, மற்றது கோப்பின் பெயர். அந்தப் பெயருக்கு முன்னுள்ள புள்ளி முக்கியம்.

இரண்டாம் படி. திறந்த கோப்பில் இந்த வரியை எழுதுங்கள்:

அலியாஸ் இறக்கு='சூடோ ஆப்ட் அப்டேட் && சூடோ ஆப்ட் அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி --யெஸ்'

சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. பாதிப் பேர் பிழைவிடுவது இங்கேதான். அப்டேட் எதையும் நிறுவாது. என்னென்ன புதிதாக வந்திருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் கொண்டுவரும். இரட்டை && போட்டிருப்பதால், பட்டியல் சரியாக வந்தால்தான் அடுத்த பகுதி ஓடும். டவுன்லோட் ஒன்லி என்றால் மென்பொருள் பொதிகளை இறக்கி வைப்பதோடு நின்றுவிடும். உங்கள் இன்டர்நெட் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாகக் கிடைத்தால் படுக்கப் போகுமுன் இதை ஓடவிடுங்கள். காலையில் நிறுவும்போது பகல் டேட்டா செலவாகாது. கேட்காமலே ஆம் சொல்லும் யெஸ்ஸை நான் இந்த ஒரு வரியில் மட்டும்தான் சேர்ப்பேன், ஏனென்றால் இது எதையும் மாற்றுவதில்லை.

அடுத்த வரிகள்:

அலியாஸ் ஏற்று='சூடோ ஆப்ட் அப்கிரேட்'
அலியாஸ் துடை='சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'
அலியாஸ் சீராக்கு='சூடோ டீபிகேஜி --கொன்பிகர் -ஏ'

இறக்கி வைத்ததை நிறுவுவது ஏற்று. வேறு பொதிக்குத் துணையாக வந்து, இப்போது தேவையில்லாமல் கிடப்பவற்றை நீக்குவது துடை. அது காட்டும் பட்டியலை வாசித்துவிட்டுத்தான் ஆம் சொல்ல வேண்டும்.

சீராக்கு எங்கள் ஊர் மாரிகாலத்துக்கானது. ஒருநாள் இடி மழைக்குள் என் டெஸ்க்டொப் பொதிகளை நிறுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பிறகு எதை நிறுவப் போனாலும் ஆப்ட் மறுத்தது. பாதியில் நின்ற பொதிகளை முடித்துவைக்க இந்த ஒரு கட்டளை போதுமாக இருந்தது. டீபிகேஜி என்பது டீ, பீ, கே, ஜீ என்ற நான்கு எழுத்து; ஆப்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் கருவி.

புதிய மென்பொருள் நிறுவுவதற்கு மட்டும் நான் தமிழ்ப் பெயர் வைப்பதில்லை. பொதியின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரே வரியில் விசைப்பலகையை மாற்ற வேண்டிவரும். அதற்கு ஏ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்தையே பெயராக வைத்து, மேற்கோளுக்குள் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி. கோப்பைச் சேமிக்க கன்ட்ரோல் ஓ, என்டர், அப்புறம் வெளியேற கன்ட்ரோல் எக்ஸ். டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய டெர்மினலுக்குப் புதுப் பெயர்கள் தெரியாது.

சில டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். கட்டளை சரியாகவே ஓடும். பெயருக்கு முன்னால் மறுபடியும் சூடோ போடாதீர்கள். வரியின் முதல் சொல்லைத்தான் பாஷ் அலியாஸாகப் பார்க்கும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம், அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

சரி, இப்போது ஆங்கிலத்தில் டைப் என்று அடித்து, இடைவெளி விட்டு, தமிழில் இறக்கு என்று எழுதுங்கள். நீங்கள் எழுதிய கட்டளை திரையில் வந்தால் இன்றிரவே ஓடவிடலாம்.