உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் வணிக உத்தி: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு செய்முறை விளக்கம்

உயிரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் வணிகப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்களில் பலர், யாரிடம் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்ற இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். அவை பின்னால் வரவேண்டிய கேள்விகள். கையில் இருக்கும் கண்டுபிடிப்பு எல்லா ஆய்வகங்களும் எடுத்தாளக்கூடிய கருவியா, அல்லது ஒரே நிறுவனம் பல ஆண்டுகள் பணம் போட்டு வளர்த்தெடுத்தால்தான் நோயாளியிடம் போய்ச் சேரும் மருந்தா என்பதைத் தீர்மானித்துவிட்டால், உரிமம், விலை, கூட்டாளி ஆகிய முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறந்துவிடும். ஆனால் அந்தக் கேள்விக்கு வரும் முன் செய்துமுடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு உண்டு.

முதல் படி: கையிருப்பைக் கணக்கெடுங்கள்

காப்புரிமைப் பட்டியலை மட்டும் வாங்கிப் படித்துவிட்டு இந்த வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஆய்வகத்துக்குள் சென்று செல் லைன்கள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்), பிளாஸ்மிடுகள் (மரபணுக்களைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையங்கள்), ஆன்டிபாடிகள், நோயாளிகளிடமிருந்து பெற்ற மாதிரிகள் ஆகியவை எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தால், பனி படிந்த பெட்டிக்குள், இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் மட்டும் எழுதப்பட்ட சிறு குப்பி ஒன்று நிச்சயம் இருக்கும். அதை வைத்தவர் எப்போதோ வேறு ஊருக்குப் போயிருப்பார். அந்தக் குப்பியில் உள்ள பிளாஸ்மிட், ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் வேறொரு பல்கலைக்கழகம் கொடுத்ததாக இருந்தால், அதன்மேல் கட்டிய எதையும் அவர்களிடம் கேட்காமல் விற்க முடியாது. மாதக்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தை இப்படி ஒரு குப்பியால் நின்றுபோனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்திய மண்ணின் தாவரமோ நுண்ணுயிரோ சம்பந்தப்பட்டிருந்தால், சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: வெளியீட்டுத் தேதிகளைத் தெரிந்து வைத்திருங்கள்

கண்டுபிடிப்பைப் பற்றிய விவரம் வெளியாகிவிட்டால், பல நாடுகளில் அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது. அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் மரபணுக்களை ஒட்டிப் பெருக்கும் முறையைப் பற்றிய கட்டுரையை 1973 நவம்பரில் வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உரிமப் பிரிவில் இருந்த நீல்ஸ் ரீமர்ஸுக்கு அதன் வணிக மதிப்பு மறு ஆண்டு வந்த நாளிதழ்ச் செய்தி ஒன்றின் வழியாகத்தான் தெரியவந்தது. அமெரிக்கச் சட்டம் கட்டுரை வெளியான பிறகும் ஓராண்டு அவகாசம் தருவதால், கெடு முடியச் சில நாள்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4 அன்று காப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அத்தகைய அவகாசம் தராத நாடுகளில் உரிமை கைவிட்டுப் போயிற்று. இந்தியாவிலும் விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. எங்கள் மாணவர் ஒருவர் மாநாட்டுச் சுவரொட்டியில் முழு மூலக்கூறு அமைப்பையும் வரைந்து ஒட்டியிருந்தார். எனக்குச் செய்தி வந்தபோது பார்வையாளர்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து, எந்தச் சுருக்கவுரையும் அனுப்பப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு என் பார்வைக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். விஞ்ஞானியின் வெளியீட்டைத் தடுப்பது இதன் நோக்கமன்று. தற்காலிக விவரக்குறிப்புடன் (பின்னால் முழுமையாக்கிக்கொள்ளும் முதற்கட்ட விவரத்துடன்) விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிட்டால், மறுநாளே அவர் பேசலாம்.

மூன்றாம் படி: கருவியா, மருந்தா?

உத்தியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். கோஹன்–போயர் முறை எல்லோருக்கும் தேவைப்படும் கருவி என்பதைப் புரிந்துகொண்ட ஸ்டான்ஃபோர்டு, அதை யாருக்கும் தனியுரிமமாக, அதாவது ஒரே நிறுவனத்துக்கு மட்டுமான உரிமமாக, கொடுக்கவில்லை. தொடக்கக் கட்டணம் 10,000 டாலர், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 10,000 டாலர், இறுதிப் பொருளின் விற்பனையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை ராயல்டி என்று எளிதில் கட்டக்கூடிய நிபந்தனைகளை வைத்தது. எதிர்த்து வழக்காடுவதைவிடப் பணம் கட்டுவதே மலிவு என்று நிறுவனங்கள் கருதும் அளவுக்கு விலை தாழ்ந்திருந்தது. 1997இல் காப்புரிமை முடிவதற்குள் 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன. வருமானம் ஏறத்தாழ 25.5 கோடி டாலர்.

மருந்துக்கும் தடுப்பூசிக்கும் இந்த வழி ஒத்துவராது. குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசிக்கு அடிப்படையான 116இ என்ற வைரஸ் வகை, 1980களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் தடுப்பூசியாக்க பாரத் பயோடெக் என்ற ஒரே உற்பத்தியாளரும், உயிரித் தொழில்நுட்பத் துறையும், வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களும், அறக்கட்டளை நிதியும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. 2016இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்தது. இவ்வளவு காலமும் செலவும் தாங்கும் கூட்டாளி, போட்டியாளருக்கும் அதே உரிமம் தரப்படும் என்றால் முன்வரமாட்டார். அதே சமயம், ஒரு டோஸ் ஒரு டாலர் என்ற விலை வாக்குறுதி, அனுமதி கிடைக்கும் முன்பே பொதுவெளியில் வைக்கப்பட்டிருந்ததை மறக்க வேண்டாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தின் வணிக உத்தியில், வருமானத்துக்கு இணையாக இத்தகைய விலை வாக்குறுதியும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: ஒப்பந்தத்தை எழுதுங்கள்

தனியுரிமம் கொடுத்தால், எந்த நோய்க்கு, எந்த நாடுகளுக்கு என்று எல்லை வரையுங்கள். விலங்குச் சோதனை, முதல் மனிதப் பரிசோதனை, அனுமதி விண்ணப்பம் என ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி குறித்து, தவறினால் உரிமம் திரும்பிவிடும் என்று எழுதுங்கள். வாங்கிப் பூட்டிவைக்கும் நிறுவனத்திடமிருந்து உங்களைக் காப்பது முன்பணத்தைவிட இந்த வரிதான். உங்கள் ஆய்வகம் தொடர்ந்து ஆராயவும் கட்டுரை எழுதவும் உள்ள உரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: செலவுக் கெடுவைக் கவனியுங்கள்

முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் சர்வதேச விண்ணப்பமும், 30 அல்லது 31 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி விண்ணப்பமும் வேண்டும். பெருஞ்செலவு தொடங்குவது இந்த இரண்டாவது கெடுவில்தான். அதற்குள் கூட்டாளி கிடைக்காவிட்டால் எந்த நாடுகளைக் கைவிடுவது என்று 24ஆம் மாதமே முடிவெடுங்கள். அந்த முடிவைக் கண்டுபிடிப்பாளரிடம் மின்னஞ்சலில் சொல்லாமல், அவரது அறைக்கே சென்று சொல்லுங்கள். உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு ஸ்டார்ட்அப் தொடங்க அவர் விரும்பினால், அதற்கான தாள்களைத் தயார்செய்ய அந்த ஆறேழு மாதங்கள் தேவைப்படும்.