முக்கோணவியல் வரைபடத்திலிருந்து சார்பகமும் வீச்சகமும் காணும் முறை

சித்திரை முதல் வாரத்து உச்சிவெயிலில் பொள்ளாச்சித் தோப்பில் நின்றால் தென்னையின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்; பொழுது சாயும்போது அதே நிழல் எதிரே உள்ள களத்துச் சுவரில் ஏறி நிற்கும். வரைபடத்தைப் படிக்க இந்த இரண்டு நிழல்களே போதும். வளைவரையின் ஒவ்வொரு புள்ளியையும் செங்குத்தாக எக்ஸ் அச்சின்மேல் விழச்செய்தால் கிடைப்பது சார்பகம், அதாவது சார்பு ஏற்கும் எக்ஸ் மதிப்புகள். பக்கவாட்டில் ஒய் அச்சின்மேல் விழச்செய்தால் கிடைப்பது வீச்சகம், அதாவது சார்பு தரும் ஒய் மதிப்புகள்.

சைன் வளைவரையின் நிழல் எக்ஸ் அச்சில் இடைவெளியின்றி விழுவதால் அதன் சார்பகம் மெய்யெண்கள் அனைத்தும். வீச்சகம் −1 முதல் 1 வரை, இரு முனைகளும் உட்பட. கொசைனுக்கும் அதுவே. தாளில் −2பை முதல் 2பை வரை மட்டும் வரைந்திருப்பதைப் பார்த்து, அதையே சார்பகம் என்று எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். அங்கே முடிந்தது தாள்தானே தவிர வளைவரை அன்று. முனையில் நிரப்பிய புள்ளியோ வெற்று வட்டமோ இட்டிருந்தால் மட்டுமே சார்பகம் அங்கு நிற்கிறது.

3 சைன் 2எக்ஸ் + 1 என்னும் சார்பின் வரைபடத்தில் முதலில் அலையின் நடுக்கோட்டைத் தேடுங்கள். அது 1 என்னும் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து 3 அலகு ஏறினால் 4, 3 அலகு இறங்கினால் −2. ஆகவே வீச்சகம் −2 முதல் 4 வரை. எக்ஸின் முன்னுள்ள 2 அலைகளை நெருக்குகிறதே ஒழிய, சார்பகத்தையோ வீச்சகத்தையோ தொடுவதில்லை.

டேன்ஜன்ட் வரைபடத்தில் பை/2, 3பை/2 போன்ற இடங்களில் நிற்கும் தொலைத்தொடுகோடுகளை வளைவரை நெருங்குமே தவிர ஒருபோதும் தொடாது என்பதால், பை/2-இன் ஒற்றைப்படை மடங்குகள் சார்பகத்திலிருந்து நீங்குகின்றன. வீச்சகமோ மெய்யெண்கள் முழுவதும். கோடேன்ஜன்டில் விடுபடுபவை 0, பை, 2பை முதலான பையின் முழு மடங்குகள். இதையும் தோப்பிலேயே காணலாம்; மரத்தின் உயரத்தைச் சூரியனின் உயரக் கோணத்தின் கோடேன்ஜன்டால் பெருக்கினால் வருவதே நிழலின் நீளம்: 15 மீட்டர் தென்னையின் நிழல், சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கையில் 15 மீட்டர், 30 பாகையில் ஏறத்தாழ 26 மீட்டர், சூரியன் அடிவானத்தைத் தொட்டு 0 பாகையாகும்போது நிழலுக்கு முனையே இராது.

சீகன்டின் சார்பகம் டேன்ஜன்டுடையதே. அதன் வீச்சகத்தில்தான் கவனம் வேண்டும்: வளைவரையின் கிண்ணம் போன்ற துண்டுகள் 1-இல் தொடங்கி மேலேயும், −1-இல் தொடங்கிக் கீழேயும் செல்வதால், இடைப்பட்ட பகுதியில் ஒரு புள்ளியும் இல்லை. அந்த வெற்றிடத்தை விட்டுவிட்டு “மெய்யெண்கள் அனைத்தும்” என்று எழுதினால் விடை தவறாகிவிடும்.