மார்ச் மேட்னஸ் பிராக்கெட்: கடைசிக் கட்டத்திலிருந்து நிரப்பத் தொடங்குங்கள்

மார்ச் மேட்னஸ் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசிய நாக்அவுட் தொடர். அதன் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று முன்கூட்டியே கணித்து நிரப்பும் அட்டவணைதான் பிராக்கெட். 2018 மார்ச்சில் அலுவலகத்தில் முதன்முறையாக பிராக்கெட் போட்டேன். மூன்று இரவு உட்கார்ந்து முதல் சுற்றின் 32 ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக அலசினேன். 24 சரியாக வந்தது. ஆனால் சாம்பியன் என்று நான் எழுதிய வர்ஜீனியா, முதல் சுற்றிலேயே யுஎம்பிசியிடம் 54-74 என்று தோற்றது. நான்கு பிராந்தியங்கள் ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு வலு வரிசையில் 1 முதல் 16 வரை எண் தருவார்கள். ஆண்கள் தொடரில் 1ஆம் எண் அணி 16ஆம் எண் அணியிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. முதல் சுற்றில் என்னைவிடக் குறைவாகச் சரி செய்த ஒரு நண்பர் வில்லனோவாவை சாம்பியனாகப் போட்டிருந்தார். அவர்தான் ஜெயித்தார். ஏன் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: காகிதம்

தொடருக்கு முந்தைய ஞாயிறு (‘தேர்வு ஞாயிறு’) மாலை 68 அணிகளும் அறிவிக்கப்படும். காலி பிராக்கெட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பென்சிலால் எழுதுங்கள். செயலியில் நேராகத் தட்டினால் கை தானாக முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்துவிடும். எல்லாம் முடிவான பிறகு ஈஎஸ்பிஎன் போன்ற இலவசத் தளத்தில் ஏற்றினால் போதும்.

படி 2: மதிப்பெண் கணக்கு

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சேர்ந்து பிராக்கெட் போடும் பெரும்பாலான குழுக்களில் சரியான கணிப்புக்கு முதல் சுற்றில் 1 புள்ளி, அப்புறம் 2, 4, 8, 16, கடைசி ஆட்டத்துக்கு 32. சுற்றுக்குச் சுற்று ஆட்டங்கள் பாதியாகும், புள்ளி இரட்டிப்பாகும். அதனால் எந்தச் சுற்றை எடுத்தாலும் மொத்தம் 32 புள்ளிதான்.

இப்போது ஒரே ஒரு அணியைப் பின்தொடருங்கள். நீங்கள் சாம்பியனாக எழுதிய அணி நிஜமாகவே கோப்பையை வென்றால் 1+2+4+8+16+32, ஆக 63 புள்ளி. முதல் சுற்றில் 32 ஆட்டத்தையும் பிழையில்லாமல் சொன்னவருக்கு அந்தச் சுற்றில் கிடைப்பது 32. இறுதி ஆட்டத்தில் தோற்கும் அணியைச் சரியாகச் சொன்னால்கூட 31 கிடைக்கும். நான் மூன்று இரவு உழைத்துச் சேர்த்த 24 புள்ளியை வில்லனோவா என்ற ஒரு பெயர் தாண்டிவிட்டது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் சாம்பியன், பிறகு இறுதி ஆட்டத்தின் இன்னொரு அணி, பிறகு ஃபைனல் ஃபோரின் (அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளின்) மற்ற இருவர், கடைசியாக முதல் சுற்று. உங்கள் நேரத்தில் பாதியை முதல் இரண்டு முடிவுக்கே கொடுங்கள்.

(வாசகர் ஒருவர் கேட்ட பிறகு சேர்த்தது: இறுதி ஆட்டத்துக்கு எழுதும் இரண்டு அணிகளும் பிராக்கெட்டின் ஒரே பாதியில் இருக்கக் கூடாது. இடப்பக்க இரண்டு பிராந்தியங்களிலிருந்து ஒன்று, வலப்பக்கத்திலிருந்து ஒன்று. ஒரே பாதியில் இருந்தால் அவை அரையிறுதியிலோ அதற்கு முன்போ மோதிவிடும்.)

படி 3: சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது

தொடர் 64 அணிகளாக விரிந்த 1985 முதல் 2025 வரை 40 தொடர்கள் நடந்தன (2020இல் ரத்து). அவற்றில் 35 முறை 1, 2, 3ஆம் எண் அணிகளே வென்றன. ஆக, தேட வேண்டியது 12 அணிகளுக்குள்தான்.

அந்தப் பன்னிரண்டில் யார்? ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி அடிக்கிறார்கள் என்ற சராசரியை நம்பாதீர்கள். வேகமாக ஆடும் அணிக்குப் பந்து அதிக தடவை கைக்கு வரும். 75 முறை பந்து கிடைத்து 85 புள்ளி அடிக்கும் அணியைவிட, 60 முறை கிடைத்து 72 அடிக்கும் அணி மேல். நூறு முறைக்கு என்று மாற்றினால் முன்னது 113, பின்னது 120. கென்பாம், டோர்விக் தளங்கள் இந்தக் கணக்கை எதிரணியின் தரத்துக்கேற்பத் திருத்தித் தருகின்றன. எனக்குப் பிடித்தது டோர்விக். தேதியைக் குறித்துக்கொடுத்தால் பிப்ரவரிக்குப் பிறகான ஆட்டங்களை மட்டும் தனியாகப் பார்க்கலாம். நடுவில் முக்கிய வீரர் காயமடைந்த அணி அதில் பளிச்சென்று தெரியும். தாக்குதல், தடுப்பு இரண்டிலும் முன்வரிசையில் இருக்கும் அணியாகப் பாருங்கள்.

போன வருடத் தோல்வியை வைத்து ஓர் அணியை ஒதுக்காதீர்கள். 2019இல் பயந்துபோய் வர்ஜீனியாவைச் சீக்கிரமே வெளியேற்றி எழுதினேன். எண்கள் எல்லாம் அதன் பக்கம்தான் இருந்தன. கூடுதல் நேரத்தில் டெக்சஸ் டெக்கை 85-77 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

என்எஃப்எல் டிராஃப்ட் (அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பிறந்த, தேர்வு இடங்களுக்கான மதிப்பு அட்டவணையில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 32ஆவது தேர்வுக்கு 590. பிராக்கெட் மாதிரியே உச்சியில் கனம். ஆனால் டிராஃப்டில் என் நம்பிக்கை நேரெதிர்: மேலே ஏறக் கொட்டிக் கொடுக்காமல் கீழே இறங்கி அதிக வாய்ப்புகளைச் சேர்ப்பதே நல்லது. 2017இல் சிகாகோ பேர்ஸ் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு நகர்வதற்கு மட்டும் கூடுதலாக மூன்று தேர்வுகளைக் கொடுத்து ட்ருபிஸ்கி என்ற வீரரை எடுத்தது. அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர், பின்னாளில் அவரைவிடப் பெரிய நட்சத்திரமான மஹோம்ஸ். பிராக்கெட்டில் எல்லா அணியும் ஒரே விலை, சாம்பியன் பெயரை எழுதக் கூடுதலாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை. அதனால் உச்சியில் தைரியமாக உழையுங்கள்.

படி 4: ஃபைனல் ஃபோர்

நான்கு முதல்நிலை (1ஆம் எண்) அணிகளையும் எழுத வேண்டாம். 2025 வரை 2008, 2025 இரண்டு முறைதான் அப்படி நடந்தது. 2023இல் முதல் மூன்று எண்களில் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு முதல்நிலை அணிகள், ஒரு 2 அல்லது 3, இன்னொன்று உங்கள் விருப்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 5: முதல் சுற்று

இதற்கு அரை மணி நேரம் போதும். 1, 2ஆம் எண்களை அப்படியே மேலே அனுப்புங்கள். 8க்கு எதிர் 9 ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 12ஆம் எண் அணி 5ஆம் எண்ணை மூன்றில் ஒரு முறை வெல்கிறது, அதனால் நான்கில் ஒன்றைத் துணிந்து எழுதுங்கள். 2022இல் 15ஆம் எண்ணில் வந்த செயின்ட் பீட்டர்ஸ் கென்டக்கியை வீழ்த்தி கடைசி எட்டு வரை போனதை நான் கத்திக்கொண்டே பார்த்தேன். அந்த மாதிரி ஆட்டம்தான் இந்தத் தொடரின் உயிர். கணிக்க முயலாமல் ரசித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: பிராக்கெட் எப்போது பூட்டப்படும் என்று பலர் கேட்டிருந்தார்கள். முதல் சுற்று தொடங்கும் வியாழன் நண்பகல், அமெரிக்கக் கிழக்கு நேரப்படி. 68 அணிகளை 64 ஆக்க அதற்கு முன் டேட்டன் நகரில் செவ்வாய், புதன் நடக்கும் நான்கு ஆட்டங்களைப் பெரும்பாலான குழுக்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எண் வரிசையில் பின்தங்கிய, வலு குறைந்த அணி வென்றால் கூடுதல் புள்ளி தரும் குழுக்களும் உண்டு. அங்கே 2ஆம் படியின் கணக்கு மாறும், விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் நூறு பேருக்கு மேல் இருந்தால், எல்லோரும் எழுதும் அணியை விட்டு அதற்கு அடுத்த வலுவான அணியை சாம்பியனாக்குங்கள். யாரை எத்தனை சதவீதம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதை ஈஎஸ்பிஎன் காட்டும். சமநிலை வந்தால் முடிவு செய்ய இறுதி ஆட்டத்தின் மொத்தப் புள்ளியையும் கேட்பார்கள். 2023, 2024 இரண்டிலும் 135, 2025இல் 128. நான் 135 என்று எழுதுகிறேன்.