மெல்பர்ன் புறநகரில் வீடு பார்ப்பவர்களுக்கு: புல்லையும் பாருங்கள், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றும் பாருங்கள்

மெல்பர்னுக்குப் புதிதாக வரும் நம்மவர்களில் நிறையப் பேர் டார்னீட், ட்ருகனினா, மெல்ட்டன், கிரெய்கிபர்ன் பக்கம்தான் வீடு தேடுகிறார்கள். வீடு புதுசு, வாடகையும் ஓரளவு கட்டுப்படியாகும். காட்டுத்தீ பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் மலைப்பக்கம், இங்கே ஒழுங்கா ஒரு மரம்கூடக் கிடையாதே" என்பார்கள். மரம் இல்லைதான். ஆனால் கடைசித் தெருவைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல். கோடை தொடங்கியதும் அது காய்ந்து சருகாகிவிடும். புல்லில் பிடித்த தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்கிறது இங்குள்ள தீயணைப்பு அமைப்பான சி.எஃப்.ஏ. அதோடு ஓட்டப்பந்தயம் வேண்டாம்.

வீட்டை முடிவு செய்யும் முன் முகவரியை 'விக்பிளான்' என்ற அரசு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். 'புஷ்ஃபயர் ப்ரோன் ஏரியா', அதாவது காட்டுத்தீ ஆபத்துள்ள பகுதி, என்று காட்டினால், அங்கே புதிதாகக் கட்டும் வீட்டுக்குத் தீப்பொறி தாங்கும் கட்டுமான விதிகள் உண்டு. புல்வெளியைப் பார்த்த முதல் வரிசை வீடா, நாலு தெரு உள்ளே தள்ளியா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். கொல்லைப் புல்லை 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரவிடாதீர்கள். கூரைக் காவாயில் சருகு சேர்ந்திருந்தால் ஏஜென்டிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இதுவரை சொன்னது வரைபடத்தில் தெரியும் ஆபத்து. என் கணக்கில் பாதி வேலைதான் முடிந்தது.

2009 பிப்ரவரி 7, 'பிளாக் சாட்டர்டே'. மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. அன்று மூண்ட தீயில் இந்த விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். பின்னர் அமைத்த விசாரணை ஆணையம் கணக்கெடுத்தபோது, இறந்தவர்களில் 44 சதவீதம் பேர் 12 வயதுக்குக் குறைந்தவர்கள், 70 தாண்டியவர்கள், அல்லது உடல் முடியாதவர்கள். ஒரே தெருவில், ஒரே தீயில், எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை.

எந்தப் பகுதி எவ்வளவு நலிந்தது என்று பார்க்க, இங்குள்ள புள்ளிவிவரத் துறை 'சீஃபா' என்ற குறியீட்டை வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும் வருமானம், வேலை, படிப்பு போன்றவற்றை வைத்துப் போடுவது. கவுன்சில்களுக்கு உதவும். ஆனால் அது பகுதியின் சராசரி. இருவரும் ஐ.டி.யில் சம்பாதிக்கிற வீடு அந்தக் கணக்கில் வசதியான வீடு. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் இருப்பது யார்? ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அம்மா, அப்பா, கூடவே ஒரு கைக்குழந்தை. கார் ஓட்டத் தெரியாது. இருந்த ஒரு காரும் ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிறது. கையில் இருப்பது வாட்ஸ்அப்புக்கு மட்டும் பயன்படும் ஊர் போன். எச்சரிக்கை வந்தாலும் ஆங்கிலத்தில் வரும். அந்த நேரத்துக்கு, உங்கள் தெருவிலேயே நலிந்த வீடு அதுதான்.

ஆகவே முதல் வாரத்திலேயே அவர்களுக்கு இங்குள்ள சிம் வாங்கிக் கொடுங்கள். மாநில அரசின் எச்சரிக்கை ஆப்பான விக்எமர்ஜென்சியைப் போட்டு, வீட்டைச் சுற்றி 'வாட்ச் ஸோன்' வையுங்கள்; அந்த வட்டத்துக்குள் எச்சரிக்கை வந்தால் போனுக்குத் தகவல் வரும். ஆங்கிலம் வாசிக்க வராவிட்டால் நிறத்தைச் சொல்லிக்கொடுங்கள்: மஞ்சள் முக்கோணம் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் இப்போதே கிளம்பத் தயாராகு, சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு வரும்வரை காத்திருந்தால் சாலையில் இறங்கவே முடியாமல் போகலாம். அவசர எண்ணான 000 அழைத்து 'ஃபயர்', 'டமில்' என்ற இரண்டு சொற்களைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவசரமில்லாத விசாரணைக்கு மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. பகலில் வீட்டில் இருக்கும், கார் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். தயக்கம் வேண்டாம், இந்த ஊரில் இதைக் கேட்பது வழக்கம்தான்.

தீ அபாய அளவு 2022 செப்டம்பரிலிருந்து நான்கு படிகள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக். கடைசி இரண்டில் ஒன்றை அறிவித்த நாளில், புல்வெளி ஓர வீடு என்றால், பெரியவர்களைக் காலையிலேயே உள்நகரில் நண்பர் வீட்டிலோ ஏதாவது ஷாப்பிங் சென்டரிலோ விட்டுவிடுங்கள். கேட்டஸ்ட்ராஃபிக் நாளில் யோசிக்கவே வேண்டாம்.

மாலையில் காற்று குளிர்ந்ததும் "அப்பாடா" என்று திரும்பிவிடாதீர்கள். விக்டோரியாவில் வடக்கிலிருந்து வந்த சுடுகாற்று சட்டென்று தென்மேற்காகத் திரும்பும். அப்போது நீளமாக எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுதும் முன்வரிசையாகி ஓடத் தொடங்கும். பிளாக் சாட்டர்டே அன்று நடந்ததும் அதுதான்.

புகை வந்தால் எவாப்பரேடிவ் கூலரை நிறுத்துங்கள். அது வெளிக்காற்றை அப்படியே உள்ளே இழுக்கும்.

அப்புறம் பொங்கல். ஜனவரி நடுவில் இங்கே தீக்காலத்தின் உச்சம். 'டோட்டல் ஃபயர் பேன்', அதாவது வெளியில் தீ மூட்டத் தடை, அறிவித்த நாளில் கொல்லையில் விறகு மூட்டிப் பானை வைப்பது குற்றம், பெரிய அபராதம் உண்டு. அன்றைக்கு அடுப்படியில் கேஸில் பொங்கட்டும். போகிக்குப் பழையதைக் கொளுத்தும் எண்ணம் இருந்தால் எந்த நாளானாலும் விட்டுவிடுங்கள், கவுன்சில் குப்பைக்கூடம் இருக்கிறது.

கடைசியாக, வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான். உங்கள் சாமான்களுக்குத் தனியாக 'கன்டென்ட்ஸ்' காப்பீடு எடுக்க வேண்டும். புகை தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். புதுப் பாலிசியில் முதல் 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ சேதத்தை ஏற்காத நிறுவனங்கள் பல. பாஸ்போர்ட், விசாக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து ஊரில் யாராவது ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.