கல்லீரல் புற்றுநோய்: வைரஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் இளம் மருத்துவர்கள் கட்டியின் அளவைச் சுத்தமாகச் சொல்வார்கள். "எச்பிஎஸ்ஏஜி என்ன?" என்று, அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டால், ஃபைலைப் புரட்டுவார்கள். நாங்கள் பயிற்சியில் இருந்தபோதும் இதே கதைதான். எல்லோருக்கும் தெரிந்த ஊசி, ரத்தம் பற்றிய எச்சரிக்கைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ. தென்படவில்லை என்று மாத்திரையை நிறுத்துவது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி, கூடவே கல்லீரலில் கட்டி. பி வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு வந்தார். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபியில் கட்டி சுருங்கத் தொடங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டில் என்டெகாவிரைக் காணோம். கேட்டால், "டி.என்.ஏ. நெகட்டிவ் ஆயிடுச்சே சார்" என்று பதில்.

கொஞ்ச நாளில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி வந்தார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு எகிறியதைப் பார்த்து, இம்யூனோதெரபியின் பக்கவிளைவு என்று ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஸ்டீராய்டு இந்த வைரஸை இன்னும் பெருக விடும். பிறகுதான் டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார்கள், லட்சக்கணக்கில் வந்தது. ஸ்கேனில் கட்டி வளரவில்லை. ஆனால் அந்தக் கல்லீரலை வைத்துக்கொண்டு புற்றுநோய் மருந்தைத் தொடர வழியில்லாமல் போனது.

பி வைரஸ் தன் டி.என்.ஏ.வைக் கல்லீரல் செல்லின் உட்கருவிலேயே வைத்துவிடுகிறது. என்டெகாவிரும் அதே வகை மருந்தான டெனோஃபோவிரும் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், அதை அங்கிருந்து அகற்றாது. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவாக உள்ள புற்றுநோயாளிக்கு, எஸ்ஜிபிடி ஏறட்டும் என்று காத்திராமல், சிகிச்சைக்கு முன்பே மாத்திரையைத் தொடங்குங்கள். கட்டி போனபிறகும் தொடருங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவை மாற்றலாம், நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதன் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், தயவுசெய்து.

எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றதும் ஃபைலை மூடுவது

பி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி-எச்பிசி-யும் பாருங்கள். அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் ஒருகாலத்தில் வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறையும்போது மீண்டும் கிளம்பலாம்.

சி வைரஸுக்கு மட்டும் மருந்து கொடுப்பது

இன்றைய மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி குணமாகிறது. ஆனால் பி-யும் கூடவே இருந்தால், சி அடங்கியதும் பி கிளம்பலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இலேயே இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது. சி போனாலும் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப் போவது) இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் உண்டு.

டெல்டா

பி இருந்தால் ஹெபடைடிஸ் டி-யையும், அதாவது டெல்டா வைரஸையும், சோதியுங்கள்.

வீட்டாரைக் கேட்காமல் விடுவது

பி உள்ளவரின் துணை, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி, பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி-எச்பிஎஸ் மூன்றும் பார்க்க வேண்டும். தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்றால் அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்கலாம்.