காற்றும் மேகமும் ஏறும் நாளில் சரிவுக் கிளைடர்: மலையில் முதல் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

எஃப்3எஃப் எனப்படும், ரிமோட்டில் இயக்கும் மாதிரிக் கிளைடர்களின் சரிவுப் பந்தயத்தில் மோட்டார் கிடையாது. மலையில் மோதி மேலேறும் காற்றுதான் எரிபொருள். விளிம்பை ஒட்டி 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு எல்லைகள், அவற்றுக்கிடையே 10 ஓட்டம், குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. காற்று நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழே இறங்கினாலோ 25ஐத் தாண்டினாலோ சுற்றை நிறுத்துவார்கள். 25 வரை விதி விடுகிறது என்பதற்காக நீங்களும் விட வேண்டாம். புதியவர் 14ஐத் தாண்டினால் கிளைடரைப் பையில் போட்டுவிடுவது நல்லது.

பயிற்சிக்கு இடம் தேடும்போதே பலர் சறுக்குகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் நீலகிரியின் மேற்குச் சரிவு நனைந்துகொண்டே இருக்கும், கோத்தகிரிப் பக்கம் காய்ந்து கிடக்கும். மழை இல்லையே என்று அங்கே கிழக்கு பார்த்து நின்றால் காற்று உங்கள் முதுகில் அடிக்கும். முகட்டைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கிச் சுழலும், கிளைடரையும் கூடவே இழுத்துப்போகும். காற்று முகத்தில் அடிக்கிற சரிவு மட்டுமே சரிவு. இன்னொன்று: புல்வெளி காலியாகத் தெரிந்தாலும் அது வனத்துறை நிலமாக இருக்கலாம், அனுமதி கேளுங்கள். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடத்தின் வண்ண மண்டலத்தையும் பாருங்கள்.

1. இறங்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏற்றிவிட்ட பிறகு இறங்க இடம் தேடக்கூடாது. சீகைத் தோப்புக்கும் தைல மரங்களுக்கும் பின்னால் காற்று உருளும். அந்தப் பக்கம் வேண்டாம். தேயிலைச் செடி மெத்தை போலத் தெரியும், ஆனால் கவாத்து செய்த கிளைகள் இறக்கையைக் கிழித்துவிடும். சரிவின் தோளில், மரமில்லாத புல்தரை போதும்.

2. எடை

போட்டியின் பாதி இங்கேதான். 2 மீட்டர் நீளமும் 40 சதுர டெசிமீட்டர் பரப்பும் உள்ள இறக்கை, மொத்தம் 1200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 7 மீட்டர் காற்று வரை கூடுதல் எடை எதுவும் ஏற்ற வேண்டாம். 10 வரை 150 கிராம், 13 வரை 300 கிராம் என்று தொடங்குங்கள். எடை கால் பங்கு கூடினால் வேகம் சுமார் 12 சதவீதம்தான் கூடும். அதனால் 20 கிராம், 30 கிராம் என்று கிள்ளிப் போட்டுப் பயனில்லை.

கடற்கரைச் சரிவுகளுக்கான எடை அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் 1500 கிராமில் கிடைக்கும் வேகம் இங்கே 1200லேயே கிடைத்துவிடும். அதே எடையோடு வந்தால் தரையிறங்கும் வேகமும் 12 சதவீதம் கூடும். கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

ஈயமோ பித்தளையோ, ஈர்ப்பு மையத்தின் மேலேயே உட்கார வேண்டும். நுரைத்துண்டு வைத்து, டேப் ஒட்டி, குலுக்கிப் பாருங்கள். 1300 கிராம் கிளைடரில் 100 கிராம் கட்டி 5 செ.மீ. பின்னால் நழுவினால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 4 மி.மீ. பின்னுக்குப் போகும், மூக்கு அடங்காமல் துள்ளத் தொடங்கும்.

3. மேகம்

மலைமேகம் கீழிருந்து ஏறி இரண்டே நிமிடத்தில் மூடிவிடும். தூரத்து எல்லைக்கொடி மங்கத் தொடங்கியதும் இறக்குங்கள், கிளைடர் மங்கும்வரை காத்திருக்காதீர்கள். வெள்ளை இறக்கை மேகத்தில் கரைந்துவிடும் என்பதால் அடிப்பக்கம் கறுப்புப் பட்டை ஒட்டுங்கள். இறக்கையில் நீர்த்துளி நின்றால் காற்றோட்டம் கெட்டு வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்திலேயே தூக்குவிசை இழந்து விழும். ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எறியுங்கள். இடி கேட்டால் பேச்சே இல்லை. கார்பன் இறக்கையோடு முகட்டில் நிற்காதீர்கள்.

4. எறிதல்

ரிமோட்டில் இடது கொடுத்தால் இடது எலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே போகிறதா என்று பாருங்கள். ரிமோட்டை அணைத்து, சிக்னல் போனால் கிளைடர் என்ன செய்யும் என்ற ஃபெயில்சேஃப் அமைப்பையும் ஒருமுறை சோதியுங்கள். இறக்கை மட்டமாக, மூக்கு இம்மி தாழ, நேராகக் காற்றுக்குள் எறிய வேண்டும். மூக்கைத் தூக்கி எறிந்தால் காற்று அப்படியே தலைக்கு மேலே பின்னால் புரட்டிவிடும். எறிந்த பின் 30 நொடிக்குள் பந்தய எல்லைக்குள் நுழைய வேண்டும். அதற்குள் உயரம் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பம் எல்லாம் மலையைவிட்டு வெளிப்பக்கம்தான்.

5. இறக்குதல்

பக்கவாட்டில் வந்து காற்றை எதிர்த்துத் திரும்புங்கள். தரைக்கு அருகில் காற்று குறையும். அதனால் கிளைடர் காற்றில் தொங்கும் என்று நம்பி மெதுவாக்கினால் கடைசி 2 மீட்டரில் விழும். ஃபிளாப்பை (வேகம் குறைக்கும் இறக்கைத் தகடு) இறக்கும்போது மூக்கு தூக்கினால், எலிவேட்டரும் (வாலில் உள்ள தகடு) கூடவே கொஞ்சம் கீழே இறங்கும்படி கலந்து வையுங்கள். இதை வீட்டிலேயே ரிமோட்டில் அமைத்துவிடலாம்.

கீழே வந்ததும் மூடியைத் திறந்து ரிசீவரையும் கனெக்டர்களையும் காயவிடுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் அடுத்த நாள் காலை சர்வோ (தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்) நடுங்கும்.